புதுப்பிப்பு: முத்திரைத்தாளுக்காக முதல் பக்கத்தில் மட்டும் கூடுதல் மேல் மார்ஜின்

கடலூர் பக்கம் பத்திரம் டைப் செய்பவர்களுக்காகத் தொடங்கிய இழை இது. லிப்ரே ஆபிஸ் ரைட்டருக்கு ஏற்கெனவே எழுதியது சுருக்கமாக: எஃப்11, பக்க ஸ்டைல்களில் ‘ஃபர்ஸ்ட் பேஜ்’, அதன் மேல் மார்ஜினை மாற்றி, கர்சர் முதல் பக்கத்தில் இருக்க அந்த ஸ்டைலை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். இரண்டாம் பக்கம் தானாக டீஃபால்ட் ஸ்டைலுக்குப் போகும்.

இப்போது வேர்ட். அங்கே மார்ஜின் பக்கத்துக்கு அல்ல, ஆவணத்தின் ஒரு பகுதியான செக்‌ஷனுக்கு உரியது. ‘நெக்ஸ்ட் பேஜ்’ செக்‌ஷன் பிரேக் போட்டால் வேலை நடக்கும். ஆனால் சொத்து விவரத்தில் நாலு வரி கூடினால் வழிந்த வரிகள் தனிப் பக்கமாகி, அதற்கும் அதே பெரிய இடைவெளி வந்து நிற்கும். பத்திரத்துக்கு இது ஒத்துவராது.

இதைவிட, பக்கத்தின் தலைப்பகுதியான ஹெடர் வழியே செய்வது நல்லது. ஹெடரை இரட்டைக் கிளிக் செய்து ‘டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்’ டிக் செய்யுங்கள். இந்த டிக் மட்டும் மார்ஜினை மாற்றாது. முதல் பக்க ஹெடரின் காலி பத்திக்கு ‘ஸ்பேசிங் ஆஃப்டர்’ (பத்திக்குக் கீழே விடும் இடைவெளி) கொடுங்கள். உயர்ந்த ஹெடர் உரையைக் கீழே தள்ளும். 1 செ.மீ. சுமார் 28.35 பாயின்ட், 11 செ.மீ. வேண்டுமென்றால் 312. முத்திரை அச்சின் அடிவிளிம்பு வரை ஸ்கேலால் அளந்து, 1 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

தள்ளவில்லையா? மேல் மார்ஜினில் மைனஸ் மதிப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஹெடர் உரைமேல் ஏறிவிடும். அச்சிடும்போது தாளுக்கேற்ப அளவை மாற்றும் ‘ஃபிட்’ வேண்டாம், 100 சதவீதம். முதலில் வெள்ளைத்தாளில் எடுத்து முத்திரைத்தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.