மறு: மோட்டார் யாட்டுக்குத் தமிழில் என்ன சொல்? (சவரோனா கட்டுரைக்காக)

வணக்கம்.

யாட் என்பது உடையவர் தன் உல்லாசப் பயணத்துக்கென்றே வைத்திருக்கும் கலம். சவரோனா என்ற பழைய யாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன், மோட்டாரில் ஓடும் யாட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று போன வாரம் கேட்டதற்கு ஏழெட்டுப் பேர் பதில் போட்டிருந்தீர்கள், நன்றி. பாதிப் பேர் 'சொகுசு விசைப்படகு' என்கிறீர்கள். நானும் முதல் வரைவில் அதைத்தான் எழுதினேன். இராமேசுவரத்து நண்பர் ஒருவரிடம் காட்டினேன், குடும்பமே கடலில் தொழில் செய்கிறவர். தலைப்பைப் படித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது தங்குகடல் போற போட்டா?" (நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பதுதான் தங்குகடல்.) விசைப்படகு என்றால் அவருக்கு இழுவலை, ஐஸ், டீசல் மானியம். அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது, நாம் போய்க் காலி செய்யச் சொல்ல முடியாது.

அப்புறம் அளவு. சவரோனாவின் நீளம் 136 மீட்டர், ஒரு கால்பந்து மைதானத்தில் கிடத்தினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதைப் படகு என்று எழுதக் கை வரவில்லை. 'உல்லாசக் கப்பல்' என்றால் டிக்கெட் எடுத்து ஆயிரக்கணக்கானோர் ஏறுவது. இதுவோ ஒரே ஒருவருக்காகக் கட்டியது: புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்ளிங்கின் பேத்தி எமிலி ரோப்ளிங் காட்வாலடர். வரைந்தது அமெரிக்காவின் கிப்ஸ் அண்ட் காக்ஸ், கட்டியது ஹாம்பர்க்கின் புளோம் அண்ட் ஃபோஸ், கடலில் இறங்கியது 1931இல்.

என் உண்மையான தலைவலி இனிமேல்தான். கட்டும்போது இதற்கு நீராவிச் சுழலிகள் (டர்பைன்), அதாவது அன்று இது ஸ்டீம் யாட். 1938இல் துருக்கி அரசு, துருக்கிக் குடியரசை நிறுவிய அதிபர் அதாதுர்க்குக்காக வாங்கியது, அவரோ அப்போதே நோயாளி, சில வாரங்கள்தான் அதில் இருந்தார், அந்த நவம்பரிலேயே இறந்துவிட்டார். 1951இல் கடற்படைப் பயிற்சிக் கப்பலாக்கி 'கூனேஷ் தில்' என்று பெயரை மாற்றினார்கள். 'சூரிய மொழி' என்று பொருள். உலக மொழிகள் எல்லாம் துருக்கி மொழியிலிருந்து பிறந்தவை என்ற 1930களின் கோட்பாட்டுக்கு அந்தப் பெயர் (இந்தக் குழுவில் யாருக்கும் அப்படி ஒரு எண்ணம் கிடையாது என்று நம்புகிறேன்). 1979இல் தீப்பிடித்து உள்ளே பெரும்பகுதி போயிற்று. 1989இல் தனியார் ஒருவர் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்துப் புதுப்பித்தபோது சுழலிகளைக் கழற்றிவிட்டு கேட்டர்பில்லர் டீசல் எஞ்சின்களை வைத்தார். அதன்பிறகுதான் இது மோட்டார் யாட். உடல் அதே உடல்தான். 'விசை' என்று போட்டால் நீராவியும் விசைதான் டீசலும் விசைதான், பாதிக் கதை தண்ணீரோடு போய்விடும்.

ஆகவே யாட்டுக்குத் தனியாக ஓர் அடிச்சொல் வேண்டும், முன்னால் பாய், நீராவி, மோட்டார் என்று எதை ஒட்டினாலும் நிற்க வேண்டும். ஒருவர் சிலப்பதிகாரத்து 'அம்பி'யை எடுத்துத் தந்திருந்தார். வைகைத் துறையில் குதிரைமுகம், யானைமுகம், சிங்கமுகம் வைத்து ஓடிய அலங்காரப் படகுகள், பொருத்தம்தான், ஆனால் இன்றைக்கு 'மோட்டார் அம்பி' என்று எழுதினால் மாம்பலத்தில் பைக் ஓட்டுகிற பையன்தான் கண்ணில் தெரிவான். (கோவலனும் கண்ணகியும்கூட அதில் ஏறாமல் மரப்புணையில்தான் ஆற்றைக் கடந்தார்கள்.)

என் பரிந்துரை: உலாக்கலம். பயணி, சரக்கு, மீன் எதற்கும் இல்லாமல், உடையவர் உலாப் போவதற்கென்றே உள்ள கலம். விண்கலம் இருப்பதால் 'கலம்' புழக்கத்தில் உயிரோடுதான் இருக்கிறது. நீராவி உலாக்கலம், பாய் உலாக்கலம், மோட்டார் உலாக்கலம். மோட்டாரை 'பொறி' ஆக்க வேண்டாம், எலி ஞாபகம் வருகிறது.

-----

> என் பரிந்துரை: உலாக்கலம்.

அண்ணை, நல்லாத்தான் இருக்கு, ஆனால் இலங்கையில் பாடப்புத்தகத்தில் கலம் என்றால் உயிரணு. தாவரக் கலம், விலங்குக் கலம் என்று படித்த பிள்ளைகள் உலாக்கலத்தை இரத்தத்தில் ஓடுற ஏதோ ஒன்று என்று நினைப்பினம். உலாவோடம் சரிவராதோ?

-----

தம்பி, இது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஆனால் 136 மீட்டர் ஓடமா? ஓடம் என்றால் எனக்குத் துடுப்போடுதான் வருகிறது. முதல் இடத்தில் 'உலாக்கலம் எனும் யாட்' என்று எழுதிவிட்டுப் பிறகு உலாக்கலம் மட்டும் போடுகிறேன், முன்னும் பின்னும் கடல் இருக்கும்போது உயிரணு என்று யாரும் எண்ணமாட்டார்கள். கட்டுரை வியாழக்கிழமை போக வேண்டும். சவரோனாவா ஸவரோனாவா என்ற சண்டையை தயவுசெய்து தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.