ப்ரோலாக்கில் ரயில் நிலைய விதிகள்: முடிவில்லாமல் ஓடுகிறது, ஏன்?

மாம்பலம்வாசி:
தர்க்க விதிகளைக் கொடுத்தால் விடை தேடித் தரும் நிரல்மொழியான ப்ரோலாக்கில் (எஸ்டபிள்யூஐ பதிப்பு) சென்னைப் புறநகர் ரயில் பாதையை விதிகளாக எழுதிப் பழகுகிறேன்.

அடுத்து(மாம்பலம், சைதாப்பேட்டை).
அடுத்து(சைதாப்பேட்டை, கிண்டி).
அடுத்து(கிண்டி, பரங்கிமலை).
போகலாம்(_அ, _இ) :- போகலாம்(_அ, _உ), அடுத்து(_உ, _இ).
போகலாம்(_அ, _இ) :- அடுத்து(_அ, _இ).

போகலாம்(மாம்பலம், பரங்கிமலை) என்று கேட்டால் ஸ்டாக் (முடியாத அழைப்புகளை வைத்திருக்கும் நினைவிடம்) நிரம்பிவிட்டது என்று பிழை வருகிறது. தர்க்கப்படி விதி சரிதானே? திரும்பி வரும் திசையையும் சேர்க்க வேண்டும். அடுத்த கட்டமாக, மூடிய நிலையங்களை விலக்க வேண்டும்.

ஹார்ன்_விதி:
தர்க்கமாகப் படித்தால் சரி. ஆனால் ப்ரோலாக் விதிகளை மேலிருந்து கீழாகவும், ஒரு விதிக்குள் இலக்குகளை, அதாவது :- குறிக்கு வலப்பக்கம் உள்ள நிபந்தனைகளை, இடமிருந்து வலமாகவும் எடுக்கும். உங்கள் முதல் விதியின் முதல் இலக்கே போகலாம்தான். ஒரு தகவலைக்கூடத் தொடாமல் தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு விதிகளையும் இடம் மாற்றினால் முதல் விடை வரும். அரைப்புள்ளி தட்டி அடுத்த விடை கேட்டால் மறுபடி அதே பிழைதான். தன்னைக் கூப்பிடும் இலக்கைக் கடைசிக்குத் தள்ளுங்கள்:

போகலாம்(_அ, _இ) :- அடுத்து(_அ, _உ), போகலாம்(_உ, _இ).

திரும்பும் திசைக்கு அடுத்து(_அ, _இ) :- அடுத்து(_இ, _அ) என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதுவும் முடியாது. தனிப் பெயர் கொடுங்கள்:

பக்கம்(_அ, _இ) :- அடுத்து(_அ, _இ).
பக்கம்(_அ, _இ) :- அடுத்து(_இ, _அ).

ஆனால் இப்போது மாம்பலத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கும். பார்த்த நிலையங்களைப் பட்டியலாகக் கொண்டுபோக வேண்டும்:

வழி(_அ, _அ, _).
வழி(_அ, _இ, _க) :- பக்கம்(_அ, _உ), \+ உறுப்பு(_உ, _க), வழி(_உ, _இ, [_உ|_க]).

இதில் \+ என்றால் ‘இல்லை’, [_உ|_க] என்றால் _க பட்டியலின் முன்னால் _உ சேர்ந்த பட்டியல். அழைப்பு: வழி(மாம்பலம், பரங்கிமலை, [மாம்பலம்]). உறுப்பு என்பது பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும் விதி, இரண்டே வரி:

உறுப்பு(_அ, [_அ|_]).
உறுப்பு(_அ, [_|_மீதி]) :- உறுப்பு(_அ, _மீதி).

போக முடியுமா முடியாதா என்பது மட்டும் போதுமென்றால் போகலாம் விதிக்கு டேபிளிங் அறிவிப்பு போடுங்கள். கண்ட விடைகளை அது சேமித்துக்கொள்வதால் நீங்கள் முதலில் எழுதிய வடிவமே முடிவுக்கு வரும். அடுத்து இருந்த இடத்தில் பக்கம் போட்டாலும் நிற்கும். கிளைகள் பெருகினால் பட்டியல் முறை ஒவ்வொரு பாதையையும் தனித்தனியாகத் தேடி மெதுவாகிவிடும். அங்கே டேபிளிங்கே மேல்.

எதிர்மறை_இலக்கு:
மூடிய நிலையங்களுக்கு வரிசை ரொம்ப முக்கியம்.

திறந்தது(_அ) :- நிலையம்(_அ), \+ மூடியது(_அ).

இதைத் திருப்பி \+ மூடியது(_அ) என்பதை முன்னால் வைத்தால், _அ இன்னும் மதிப்பில்லாமல் இருக்கும். ‘மூடிய நிலையம் ஒன்றாவது உண்டா’ என்று அது தேடும். ஒன்று கிடைத்தாலே எதிர்மறை இலக்கு தோற்று, விடையே வராது. பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் ஆபத்து. இன்னொன்று: \+ என்பதற்கு ‘நிரூபிக்க முடியவில்லை’ என்றுதான் பொருள். மூடிய நிலையத்தைத் தகவலாகப் பதிய மறந்தால் ப்ரோலாக் அதைத் திறந்ததாகவே எடுத்துக்கொள்ளும். தகுதி, சலுகை போன்ற விதிகளில் இதைக் கவனிக்காவிட்டால் தவறான ஆளுக்கு ‘ஆம்’ போய்விடும். அதனால் ‘தெரியவில்லை’ என்ற நிலையைத் தனித் தகவலாகவே வையுங்கள்.

மாறிக்கு (எந்த மதிப்பையும் ஏற்கும் பெயருக்கு) முன் அடிக்கோடு போட்டிருப்பது சரி. தமிழில் பெரிய எழுத்து கிடையாது, அடிக்கோடு விட்டுப்போனால் அது மாறிலியாகிவிடும். பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடம் விட்டாலும் தொடரியல் பிழை.

மாம்பலம்வாசி:
டேபிளிங் போட்டதும் சரியாகிவிட்டது, நன்றி. வந்த விடைக்கு எந்த விதி காரணம் என்று காட்ட முடியுமா?

ஹார்ன்_விதி:
முடியும். விதிகளையே தரவாகப் படித்து இலக்கை நிரூபிக்கும் சிறு நிரல், அதாவது மெய்ப்பிப்பான், எழுத வேண்டும், மூன்றே கிளைகள்: உண்மை என்றால் நிறுத்து, இணைந்த இலக்குகள் என்றால் இரண்டையும் நிரூபி, தனி இலக்கு என்றால் பொருந்தும் விதியை எடுத்து அதன் உடலை நிரூபி, விதியைச் சான்றில் சேர். \+, கணக்கு போன்ற உள்ளமைந்தவற்றுக்கு நான்காவது கிளை வேண்டும். இந்த மெய்ப்பிப்பானுக்கு டேபிளிங் உதவாது. போகலாம் விதியை முதல் வடிவில் கொடுத்தால் பழைய முடிவில்லா ஓட்டம் திரும்ப வரும். வழி விதியைக் கொடுங்கள்.