பேட்டரியில் 70 சதவீதம் இருந்தும் கேரவன் ஃபிரிட்ஜ் இரவில் நின்றுவிடுகிறது: ராமநாதபுரம் கடலோரம், உதவி தேவை

தென்கடல்பயணி

வணக்கம். நானும் கணவரும் டெம்போ டிராவலரில் கட்டிய கேரவனில் தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருக்கிறோம். தேவிபட்டினம், மண்டபம், தனுஷ்கோடி முடிந்தது. இப்போது ராமநாதபுரம் டவுன் அருகே நிற்கிறோம். அடுத்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, அப்படியே தூத்துக்குடி.

வண்டியில் இருப்பது: 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி (எல்எஃப்பி எனும் இரும்பு பாஸ்பேட் வகை), 200 வாட் சோலார், எம்பிபிடி (சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்), ஓடும்போது சார்ஜ் ஏற்ற 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், 45 லிட்டர் 12 வோல்ட் காம்ப்ரஸர் ஃபிரிட்ஜ். பேட்டரி டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் கடைசியில். வயர் 7 மீட்டர், 1.5 ஸ்கொயர் எம்எம்.

வண்டி ஓடும்போது ஃபிரிட்ஜ் ஒழுங்காக ஓடுகிறது. உச்சி வெயிலிலும் பிரச்சினை இல்லை. பொழுது சாய்ந்தபின் காம்ப்ரஸர் கிளம்பும், உடனே நிற்கும், திரையில் லோ வோல்டேஜ் பிழை வரும். அப்போது பேட்டரி மானிட்டரில் 70 சதவீதம், 13.1 வோல்ட். சில சமயம் பிடித்து ஓடிவிடும். அப்போது ஃபிரிட்ஜ் திரையில் 11.3 அல்லது 11.4 காட்டுகிறது. தண்ணீர் மோட்டார் ஓடினால் பின்பக்க விளக்கும் மங்குகிறது. ஃபிரிட்ஜின் பேட்டரி பாதுகாப்பை (எந்த வோல்டேஜில் நிற்க வேண்டும் என்ற செட்டிங்) மீடியத்திலிருந்து லோவுக்கு மாற்றினால் ஃபிரிட்ஜ் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா, பேட்டரி மாற்ற வேண்டுமா?

நாலுசக்கரவீடு

பேட்டரிதான். மதியம் சார்ஜ் ஏறும்போது ஓடி, ராத்திரி நின்றால் செல் வீக் என்று அர்த்தம். இன்னொரு 100 ஏஹெச் சேர்த்துவிடுங்கள்.

வயரிங்காரர்

பேட்டரி வாங்காதீர்கள், சகோதரி. பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. பேட்டரி முனையில் 13.1, ஃபிரிட்ஜ் முனையில் 11.3. நடுவில் 1.8 வோல்ட் எங்கோ தின்னப்படுகிறது. பேட்டரி செத்திருந்தால் மானிட்டரிலும் 11.3தான் தெரியும்.

ஓடும்போதும் மதியமும் ஏன் சரியாக இருக்கிறது? அப்போது சார்ஜர் பேட்டரியை 14.2 வோல்ட் பக்கம் தூக்கி வைத்திருக்கும். வழியில் 3 வோல்ட் போனாலும் ஃபிரிட்ஜுக்கு 11 கிடைத்துவிடும். சூரியன் இறங்கினால் பேட்டரி 13.1க்கு வரும், அந்த மிச்சம் போய்விடும். செல் வீக் போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

லோவில் வைத்து ஓட்ட வேண்டாம். லித்தியத்துக்கு அதன் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) காவல் இருக்கிறது, அதனால் பேட்டரி பற்றி என் பயம் இல்லை. பயம் அந்தக் கெட்ட இணைப்பைப் பற்றி. காம்ப்ரஸர் அதே வேலையைச் செய்ய, வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். இணைப்பு இன்னும் சூடாகும். ஆனால் அளப்பதற்கு ஃபிரிட்ஜ் ஓடியாக வேண்டும், அந்த அளவுக்கு மட்டும் லோவில் வையுங்கள்.

சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட் ரேஞ்ச். ஒரு முனையை நீட்ட 8 மீட்டர் மெல்லிய வயர் வேண்டும். காம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், அதன்மேல் இருக்கும் லக்கில் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) அல்ல. மற்ற முனை ஃபிரிட்ஜ் சாக்கெட்டின் நெகட்டிவில். வருகிற எண்தான் நெகட்டிவ் பக்க இழப்பு. பாசிட்டிவுக்கும் இதே மாதிரி. ஒவ்வொரு பக்கமும் 0.2க்குள் இருந்தால் நல்லது, 0.3 வரை பொறுக்கலாம்.

எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்தில் பேட்டரி முனையை அசைக்காமல், மற்ற முனையைப் படிப்படியாக நகர்த்துங்கள்: பஸ்பார் (பல வயர்கள் சேரும் உலோகப் பட்டை), முன்பக்க எர்த் போல்ட் (நெகட்டிவை வண்டி பாடியோடு இணைக்கிற போல்ட்), பாடித் தகடு, பின்பக்க எர்த் போல்ட், லக், வயர். எண் திடீரென்று எகிறும் இடம்தான் கோளாறு. பின்பக்க விளக்கும் மங்குவதால் பொது எர்த் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

தென்கடல்பயணி

அளந்தோம், அண்ணா. ஃபிரிட்ஜ் 5 ஆம்பியரில் ஓடும்போது பாசிட்டிவ் 0.42, நெகட்டிவ் 1.31. நெகட்டிவில் பாடித் தகடு வரை 0.16தான், பின்பக்க லக்கைத் தொட்டதும் 1.31 ஆகிவிடுகிறது. இடது பின்சக்கரத்துக்குப் பின்னால், தரைக்கு அடியில் இருக்கிற போல்ட் அது. அலுமினிய லக். சுற்றிலும் வெள்ளைப் பொடி, அடியில் துரு, தொட்டால் சுடுகிறது. போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

வயரிங்காரர்

கிடைத்துவிட்டது. அந்த ஒரு இடத்தில் 1.15 வோல்ட், 5 ஆம்பியர். பெருக்கினால் ஏறக்குறைய 6 வாட் ஒரு போல்ட்டுக்குள் சூடாக எரிகிறது. சுடாமல் என்ன செய்யும்?

மொத்த இழப்பு 1.73 வோல்ட், அதாவது 0.35 ஓம். காம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் 9 ஆம்பியர் இழுத்தால் 3.1 வோல்ட் போய்விடும். ஃபிரிட்ஜ் பார்ப்பது 10.0. மீடியத்தின் எல்லை பல ஃபிரிட்ஜ்களில் 10.4, லோ 9.6. அதனால்தான் ஒன்றில் நின்று மற்றொன்றில் ஓடுகிறது.

பாசிட்டிவ் பக்கம் 0.42 என்பது கோளாறு அல்ல, வயரே மெல்லியது. 1.5 ஸ்கொயர் செம்பு 7 மீட்டருக்கு 0.08 ஓம், 5 ஆம்பியருக்கு 0.4 வோல்ட். 6 ஸ்கொயர் போட்டால் 0.1தான். கேரவன் கட்டுபவர்கள் பலர் வயர் சூடாகிறதா என்று மட்டும் பார்த்து அளவு போடுகிறார்கள். 12 வோல்ட்டில் வயர் சூடாவதற்கு வெகு முன்பே வோல்டேஜ் விழுந்துவிடும்.

என் யோசனை: அந்த பாடி எர்த்தை ஃபிரிட்ஜுக்கு நம்பவே வேண்டாம். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் 6 ஸ்கொயர் வயரில் நேராகப் பேட்டரிப் பக்கம் கொண்டுபோய், நெகட்டிவைப் பஸ்பாரில் கட்டுங்கள். 7 மீட்டர் இரண்டு, வளைவுக்குச் சேர்த்து 16 மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். பாசிட்டிவில் பேட்டரிக்கு ஒட்டியே 15 ஆம்பியர் ஃப்யூஸ். பழைய ஃப்யூஸ் ஹோல்டரின் தகடு கறுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். விளக்கும் மோட்டாரும் பழைய எர்த்திலேயே இருக்கும், ஆகவே அந்த போல்ட்டையும் சரிசெய்தே ஆக வேண்டும்.

கை வைக்குமுன் வரிசை முக்கியம்: முதலில் சோலார் பேனல் பிரேக்கர், பிறகு இன்வெர்ட்டர், கடைசியில் பேட்டரி நெகட்டிவ். பேட்டரியை முதலில் கழற்றினால் பேனல் வோல்டேஜ் எம்பிபிடிக்குள் தனியாக நிற்கும். கன்ட்ரோலர் பழுதாக வாய்ப்பு உண்டு. திருப்பி மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் கடைசியில்.

மண்டபம் படகு எலக்ட்ரிக்கல்

விசைப்படகில் தினமும் பார்க்கிற கோளாறு இது. போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினால் பத்து நாளில் திரும்ப வரும். தேய்த்தால் துருதான் போகும், உப்பு தகட்டின் குழிகளில் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். நம் கடலோரத்தில் ராத்திரி என்றால் அது சர்வ சாதாரணம். அலுமினியமும் இரும்பும் செம்பும் ஒரே உப்பு நீரில் நனைந்தால் அலுமினியம் தின்னப்படும். அந்த வெள்ளைப் பொடி அதுதான்.

ஆகவே முதலில் கழுவ வேண்டும். ராமநாதபுரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே கரிக்கும், அதில் கழுவினால் உப்பின்மேல் உப்பு. 20 லிட்டர் கேன் ஆர்ஓ தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, காயவிட்டு, அப்புறம் 120 நம்பர் உப்புத்தாளால் பெயின்ட் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள், லக் உட்காரும் வட்டம் மட்டும். மறுபடி ஒருதரம் ஆர்ஓ தண்ணீர், காயவிடுதல்.

அலுமினிய லக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெள்ளீயம் பூசிய செம்பு லக் போடுங்கள். கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கியது கடற்கரையில் நிற்காது. உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கும் குழாய்) போட்டு லக்கின் கழுத்தை மூடுங்கள். அந்த வாய் வழியாக ஈரம் ஏறி வயர் உள்ளுக்குள்ளேயே கறுக்கும். வயரை ஒரு அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு கறுப்பாக இருந்தால், பளபளக்கிற இடம் வரும்வரை வெட்டிவிடுங்கள்.

லக், பல்வாஷர், போல்ட், இறுக்கு. 8 எம்எம் போல்ட்டாக இருந்தால் 13 ஸ்பேனர். நன்றாக இறுக்கியபின் மேலே முழுக்க வாசலின் அல்லது டெர்மினல் கிரீஸ். இறுக்குவதற்கு முன்னால் நடுவில் அப்பக் கூடாது, உலோகமும் உலோகமும் நேராகத் தொட வேண்டும்.

சாமான் ராமநாதபுரம் டவுன் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். வெள்ளீயம் பூசிய வயர் வேண்டுமென்றால் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரத்தில் படகு வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள்.

தென்கடல்பயணி

ரொம்ப நன்றி. சாமான் வாங்கி நாளைக்குத்தான் வேலை. இன்று ராத்திரிக்கு என்ன வழி? கணவரின் இன்சுலின் அந்த ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது.

கீழக்கரை மருந்தாளர்

பயப்பட வேண்டாம்மா. உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் வரை இருக்கும். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று உள்ளே இருக்கும் தாளில் பாருங்கள். திறக்காததற்குத்தான் 2 முதல் 8 டிகிரி வேண்டும். வெயிலில் மூடி நிற்கிற வண்டிக்குள் 40 தாண்டும், அதுதான் ஆபத்து.

மண்பானையில் தண்ணீர் வைத்துக் குளிரவைக்கும் முறை உள்நாட்டில் நன்றாக வேலை செய்யும். கடலோரத்தில் ஈரக்காற்று என்பதால் ஆவியாவது குறைவு, அதை நம்பாதீர்கள். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, மேலே மடித்த துண்டு, அதற்குமேல் மூடிபோட்ட டப்பாவில் மருந்து. ஐஸைத் தொடவே கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது, பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தாலும் போட வேண்டாம்.

மண்டபம் படகு எலக்ட்ரிக்கல்

மீன்பிடி ஊர்களில் ஐஸ் கம்பெனியில் கட்டி ஐஸ் கிடைக்கும். உடைக்காமல் பெரிய கட்டியாகவே வாங்கினால் நெடுநேரம் நிற்கும். அது மீனுக்குப் போடுகிற ஐஸ், குடிக்கிற தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்.

கூரைசோலார்

இணைப்பு சரியானாலும் கணக்கு கொஞ்சம் இறுக்கம்தான், அதையும் பார்த்துவிடுங்கள். 200 வாட் பேனல் இந்த வெயிலில் 65 டிகிரி வரை சூடாகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் வரை குறையும், ஆகப் பதினைந்து சதவீதம் அங்கேயே போகிறது. எல்லா இழப்பும் கழித்து ஒரு நாளைக்கு 55 ஏஹெச் வந்தால் நல்ல நாள். ஃபிரிட்ஜ் 45, மின்விசிறி இரவு முழுக்க 15 முதல் 20. ஒரே இடத்தில் நின்றால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரு மணி நேரம் ஓட்டினால் 25 ஏஹெச்சுக்குமேல் ஏறிவிடும்.

தனுஷ்கோடி போய்வந்தால் பேனல்மேல் மணலும் உப்பும் படலமாக ஒட்டியிருக்கும். விடியற்காலையில், பேனல் சூடாகுமுன், நல்ல தண்ணீர் ஊற்றி மெத்தென்ற துணியால் துடையுங்கள். காய்ந்த மணலோடு தேய்த்தால் கண்ணாடி கீறும்.

இன்னொன்று, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காற்று போக இடம் விட்டிருக்கிறார்களா? விசிறி வாய்க்கு முன் நான்கு விரற்கடையாவது வேண்டும். சூடான காற்று அதற்குள்ளேயே சுற்றினால் காம்ப்ரஸர் ஓய்வே எடுக்காது.

மண்டபம் படகு எலக்ட்ரிக்கல்

எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தெற்குக் கடல், மன்னார் பக்கம் கொந்தளிக்கும், சாரல் வண்டிமேல் அடிக்கும். அப்போது ராத்திரி தங்கலை வடக்குக் கடலோரத் தேவிபட்டினம் பக்கம் வைத்துக்கொண்டு கீழக்கரை, ஏர்வாடியைப் பகலில் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் தலைகீழ்; வடக்குக் கடல் மோசம், தெற்கே சேதுக்கரைப் பக்கம் அமைதி. எந்தக் கரையானாலும் அலை தெரிகிற வரிசையை விட்டு, ஒரு கட்டடமோ பனங்கூட்டமோ மறைக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். தார் ரோட்டை விட்டு மணலில் இறக்காதீர்கள். பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் அச்சுவரை புதையும்.

தென்கடல்பயணி

வேலை முடிந்தது. ஃபிரிட்ஜுக்குத் தனியாக 6 ஸ்கொயர் இரண்டும் இழுத்தாயிற்று, பழைய எர்த்துக்குப் புது லக். இப்போது 5 ஆம்பியரில் பாசிட்டிவ் 0.15, நெகட்டிவ் 0.12. பேட்டரி 13.1, ஃபிரிட்ஜ் திரையில் 12.8. மீடியத்திலேயே ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடியது. விளக்கும் மங்கவில்லை. சாயல்குடி பக்கம் கிளம்புமுன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

வயரிங்காரர்

நல்ல எண்கள். ஒன்றே ஒன்று பாக்கி: டிசி-டிசி சார்ஜரின் எர்த். அங்கே 30 ஆம்பியர் போகிறது, ஃபிரிட்ஜைப் போல ஆறு மடங்கு. 0.02 ஓம் கெட்டிருந்தாலே 18 வாட் சூடு. வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, சார்ஜர் முழு ஆம்பியரில் இருக்கும்போது இன்ஜின் பேட்டரி நெகட்டிவுக்கும் சார்ஜர் நெகட்டிவுக்கும் நடுவே அளங்கள். 0.1க்குள் இருந்தால் கிளம்பலாம். அதற்குமேல் இருந்தால் அங்கேயும் அலுமினிய லக்தானா என்று முதலில் பாருங்கள், சாமான் கையில் இருக்கும்போதே மாற்றிவிடலாம்.