மஞ்சக்குப்பம் வீடு (குடும்பக் குழு)

வியாழன், காலை 6.12

கலா: அம்மாவுக்கு இரவு முழுவதும் பல்வலி. மேல் கடைவாய். கன்னம் வீங்கிவிட்டது. ஞாயிறு தீபாவின் வளைகாப்பு. என்ன செய்வது?

கலா: (படம்)

வசந்தி: ஐயோ அக்கா

அருண்: பெரியம்மா பண்ருட்டிப் பலாவை வாயில் அடக்கியதுபோல் இருக்கிறார்

வசந்தி: அருண்!

கணேசன்: யாரும் அவசரப்பட்டுப் பல்லைப் பிடுங்கிவிட வேண்டாம். போன மாதம்தான் கண்புரை அறுவை முடிந்தது. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் நரம்பு பழுதாகும். நம் அப்பாவுக்கு அப்படித்தான் பார்வை மங்கியது.

சேகர்: அப்பாவுக்கு மங்கியது சர்க்கரையால்

பிரியா: பெரியப்பா, கண்ணின் நரம்பு வேறு, பல்லின் நரம்பு வேறு. பிடுங்குவதால் பார்வை போகாது. சீழை அப்படியே விட்டுவைத்தால்தான் கண்வரை பரவ வாய்ப்பு உண்டு.

கணேசன்: நீ பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய் மூன்று வருடம்தான் ஆகிறது

சேகர்: நான்கு

கலா: வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன் பிரியா

பிரியா: வீக்கத்துக்குச் சூடு வேண்டாம் அண்ணி. வேறு ஏதாவது வைத்தாரா?

கலா: ஆஸ்பிரினைப் பொடித்துப் பல் ஓரத்தில் அடக்கியிருக்கிறார். ஈறு வெந்த முட்டை வெள்ளைபோல் இருக்கிறது. தொட்டால் தோல் உரிகிறது.

பிரியா: அது மாத்திரை சுட்ட புண். இனி வைக்கவே கூடாது. காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டாலோ நேராக அவசரப் பிரிவு.

ராஜம்: (குரல் செய்தி 0.04)

அருண்: ‘ம்ம்ம்’ என்று மட்டும் கேட்கிறது

கணேசன்: இதற்கெல்லாம் நம் வீட்டிலேயே வைத்தியம் இருந்தது. கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடித்தால் பல்பூச்சி உதிர்ந்துவிடும். 1971-இல் தேவனாம்பட்டினத்தில் ஓர் அம்மாள் எனக்குப் பிடித்தார். பித்தளைக் கிண்ணத் தண்ணீரில் ஏழு பூச்சிகள் விழுந்தன. நானே எண்ணினேன். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்றார்கள். அப்பா வேப்பங்குச்சியைத் தவிர எதையும் தொட்டதில்லை, 81 வயதிலும் முறுக்குக் கடித்தார். நமக்கும் கொல்லையில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதை வெட்டியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரியா: பல்லில் பூச்சியே கிடையாது பெரியப்பா. கிருமிகள் இனிப்பைத் தின்று அமிலம் விடுகின்றன, அதில்தான் குழி விழுகிறது. கிண்ணத்தில் விழுந்தவை சூட்டில் விதையிலிருந்து பிதுங்கிய முளைகள்.

சேகர்: மரம் ‘தானே’ புயலில் சாய்ந்தது

கணேசன்: தானே புயலில் கிளைதான் முறிந்தது. அடிமரத்தின்மேல்தான் இப்போது உன் கடை நிற்கிறது.

வசந்தி: வேல் என்றால் கருவேலம் அண்ணா, வேம்பு இல்லை

அருண்: அந்த ஏழு பூச்சிகள் விழுந்த பல் இப்போது எங்கே மாமா?

கணேசன்: 1973-இல் பிடுங்கினேன்

சேகர்: 😂

தீபா: ஆயாவுக்கு வலிக்கிறது, நீங்கள் மரத்தைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். எனக்கும் பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. மாசமாக இருக்கும்போது பல் மருத்துவரிடம் போகக் கூடாது என்று மாமியார் சொல்கிறார்.

கலா: பிள்ளைக்கு ஒரு பல் போகும் என்பார்கள்

பிரியா: போகாது அண்ணி. தீபா, தாராளமாகப் போகலாம். இந்தச் சமயத்தில் ஈறு வீங்குவது சகஜம். ரத்தத்துக்குப் பயந்து தேய்ப்பதை நிறுத்தினால் அழுக்கு சேர்ந்து இன்னும் வரும். மென்மையான பிரஷ் வாங்கிக்கொள்.

வசந்தி: சுத்தம் மட்டும் செய்துகொள்ளாதே. எனக்குச் செய்தபின் பல்லெல்லாம் சந்து.

பிரியா: சந்தில் பற்காறை அடைத்திருந்தது அத்தை. எடுத்ததும் தெரிகிறது.

வசந்தி: என் பல் அழுக்கு என்கிறாய்

பிரியா: 🙏

வசந்தி: அக்காவை இங்கே புதுச்சேரிக்கு அழைத்து வாருங்கள். கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதியம் நம் வீட்டில் ரசம் சாதம்.

பிரியா: சிதம்பரத்தில் எங்கள் கல்லூரிக்கு வந்தால் நான் உடன் இருப்பேன். எங்கே போனாலும் சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் இதய மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கலா: அதை நேற்று இரவே நிறுத்தச் சொன்னார் மாமா

சேகர்: அண்ணா!!

கணேசன்: முன்னெச்சரிக்கை

பிரியா: இதய மருத்துவரை உடனே கூப்பிட்டுக் கேளுங்கள் அண்ணி. முதலில் அது.

கலா: சரி

சேகர்: நான் காரை எடுக்கிறேன்

கலா: வளையல் பன்னிரண்டு டஜன் போதுமா சித்தி?

வசந்தி: பதினைந்து

கணேசன்: (செய்தி நீக்கப்பட்டது)

சேகர்: படித்துவிட்டேன் அண்ணா. எத்தனை நாளாக ஆடுகிறது? பத்து மணிக்கு வாசலில் நில்லுங்கள்.

கலா: பத்தா? ஒன்பதரை இல்லையா? கோரிமேடா, சிதம்பரமா?