ஓவாஹு சரிவில் கண்ட ஊசிப்புல்

ஹவாய்த் தீவுகளில் பிலி எனப்படும் புல், தென்னாசிய மேய்ச்சல் நிலங்களில் வளரும் அதே ஊசிப்புல்தான். தாவரவியலார் ஹெட்டிரோபோகன் கன்டார்டஸ் என்பார்கள். ஓவாஹு தீவின் மேற்கே, மழை குறைந்த பாறைச் சரிவொன்றில் நடந்தபோது, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கினிப்புல் மண்டிக் கிடந்ததற்கு நடுவே இது சிறு சிறு திட்டுகளாக மட்டும் நிற்கக் கண்டேன். முற்றிய கதிர்களின் கரும்பழுப்பு ஊசிமுடிகள் ஒன்றோடொன்று முறுக்கிச் சடை பிடித்திருந்தன.

விதையொன்றை உருவி உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டு நீர் விட்டேன். சற்று நேரத்தில் முறுக்கு அவிழ்ந்து, வளைந்த நுனி கடிகார முள்போல மெல்லச் சுற்றத் தொடங்கியது. ஈரத்தில் அவிழ்ந்தும் காய்ந்தபின் மீண்டும் முறுக்கிக்கொண்டும் இந்த முடி விதையை மண்ணுக்குள் திருகி இறக்குகிறது. கூர்நுனியில் பின்னோக்கிப் படிந்த மயிர்கள், உள்ளே போனது வெளியே வராமல் பிடித்துக்கொள்கின்றன. ஆட்டுத் தோலையே துளைக்கக்கூடிய விதை இது.

பிலி தானாகவே ஹவாய்க்கு வந்ததா, ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் படகேறி வந்த பாலினேசியர்களோடு வந்ததா என்ற கேள்வி தீராமல் நிற்பதற்கு இந்த ஊசியும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். அது பாயிலும் ஒட்டும், பறவையின் இறகிலும் ஒட்டும். கருமுட்டை கருவுறாமலேயே விதை பிடிக்கும் இயல்பும் இதற்கு உண்டு என்பதால், ஒரே ஒரு விதை கரை சேர்ந்திருந்தாலும் போதும். பழைய சேற்றுப் படிவுகளில் தேடினாலும், புல்லினங்களின் மகரந்தம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் இன்ன புல் என்று பிரித்தறிவது அரிது. மனிதர் வைத்த தீயால் பிலி நிலங்கள் விரிந்தன என்பது உண்மையே. ஆனால் ஒரு செடி பெருகிய காலத்தைக் கொண்டு அது வந்த காலத்தைக் கணிப்பது சரியாகாது.

ஹவாய் மக்கள் இந்தப் புல்லால் கூரை வேய்ந்தார்கள். அமெரிக்கக் கடற்படை 1990 வரை குண்டுவீச்சுப் பயிற்சி நடத்திய கஹோலாவே தீவில், அரித்துப்போன செம்மண்ணை மூடுவதற்கு, விதையோடு அறுத்துக் கட்டிய பிலி வைக்கோலையே பரப்பினார்கள். பூர்வீகம் உறுதியாகத் தெரியவில்லை என்பதற்காக இத்தகைய வேலையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் எண்ணம். புதிய விதை சில மாதங்கள் உறங்கிய பின்னரே நன்றாக முளைக்கும் என்பதால், பரப்ப விரும்புகிறவர்கள் முந்தைய ஆண்டின் விதையை எடுத்துவைத்து மழைக்காலத்துக்குச் சற்று முன் தூவுவது நல்லது.