முட்டிச் சில்லு ஆபரேஷன் ஆனவருக்கு வீட்டுக்கு வரும் பிசியோ வேண்டும், தண்டையார்பேட்டை பக்கம்

வணக்கம் நண்பர்களே. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 58 வயது. முட்டிச் சில்லு குறுக்கே இரண்டாக உடைந்து, இரண்டு கம்பி செருகி, 8 வடிவில் ஒயர் சுற்றி இறுக்கியிருக்கிறார்கள். ஏழு வாரம் ஆச்சு. எக்ஸ்ரேயில் எலும்பு கூடி வருகிறது, மடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் 60 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. காலை நீட்டித் தூக்கச் சொன்னால் முட்டி 15 டிகிரி தொய்கிறது. தொடைத் தசை அவ்வளவு வலுவிழந்திருக்கிறது.

இப்போது செய்வது: முட்டிக்கடியில் சுருட்டிய துண்டு வைத்து, அதை அழுத்தி 5 விநாடி பிடிப்பது, 10 தடவை, மூன்று வேளை. படுத்தபடி குதிகாலை இழுத்து மடக்குவது. சில்லை விரலால் மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெதுவாக நகர்த்துவது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சில்லு உள்ளே ஒட்டிக்கொண்டால் முட்டி சரியாக மடங்காது.

எண்ணெய் போட்டு உருவி, பலமாக மடக்கிவிடுபவர்களைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒயர் அறுந்தால் சில்லு மறுபடி பிரியலாம்.

வாரம் மூன்று நாள் வந்து, ஒவ்வொரு முறையும் கோணம் அளந்து எழுதிவைக்கும் பிசியோ யாராவது தெரியுமா? வீடு முதல் மாடி, 18 படி. நல்ல காலை முதலில் வைத்து ஏறவும், ஆபரேஷன் ஆன காலை முதலில் வைத்து இறங்கவும் பக்கத்தில் நின்று பழக்க வேண்டும்.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பிசியோ பிரிவுக்குப் போனவர்கள், சீட்டு எத்தனை மணிக்குத் தருகிறார்கள், வீல்சேர் எந்த வாசலில் கிடைக்கும் என்று சொல்லுங்கள். ஆட்டோவில் காலைக் குறுக்கே நீட்டித்தான் உட்கார முடிகிறது, அதிக தூரம் நடக்கவைக்க முடியாது.