மறு: பட்ச் பிளொட் – தொகுதி அச்சிடலா, திரட்டச்சா?

எல்லோருக்கும் வணக்கம்.

ஒட்டோகாட் என்ற படவரைவு மென்பொருளில் பல படத்தாள்களை ஒரே தடவையில் அச்சுக்கு அனுப்புவதைப் பட்ச் பிளொட் (batch plot) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை ஒருமுறை திரும்ப வாசித்தேன். தொகுதி அச்சிடல், குவியல் அச்சு, மொத்த அச்சு, தொடரச்சு, கோவை அச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் பேச்சு முழுக்க "பட்ச்" என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றியே போகிறது, அந்தப் பொத்தானை அழுத்தினால் திரையில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதவில்லை. நான் திருகோணமலையில் ஒரு சின்ன அலுவலகத்தில் படவரைஞன், ஒட்டோகாட்டில்தான் நாள் முழுக்கக் குந்தியிருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

நிலாவெளியில் ஒரு விடுதி கட்டுகிறார்கள் என்று வையுங்கள். தளத்துக்குத் தளம் கிடைப்படம், நாலு பக்க நிலைப்படம், குறுக்குவெட்டு, கூரை, கம்பி விவரம், தண்ணீர்க் குழாய், மின்சாரம், செப்டிக் டாங்க் என்று எப்படியும் இருபதுக்கு மேல் தாள் வரும். இவை எல்லாம் ஒரே கோப்பில் இருக்காது. கட்டமைப்புப் படங்களை எந்திரி தனியாக அனுப்பியிருப்பார், மின்சாரம் இன்னொருவரிடமிருந்து வரும், ஒரு கோப்புக்குள்ளேயே ஆறேழு லேயவுட் (அச்சுக்கு அடுக்கிய தாள்) இருக்கும். இப்போது பட்ச் பிளொட்டுக்கான பப்ளிஷ் கட்டளையைக் கொடுத்தால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் கோப்புகளைச் சேர்க்கச் சேர்க்க, உள்ளேயிருக்கும் லேயவுட் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக வந்து விழும், வேண்டாத மொடல் (தாளில் அடுக்காத மூலப் படம்) வரியும் பல நேரம் கூடவே வரும், அதைப் பொறுக்கி நீக்க வேண்டும். பிறகு வரிகளை மேலே கீழே நகர்த்தி ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு வரிக்கும் எந்தப் பக்க அமைப்பு (அச்சுப்பொறி, தாள், அளவுத்திட்டம் போன்றவை) என்று பார்த்து, தேவையானால் மாற்றி, கடைசியில்தான் அச்சிடச் சொல்வோம். அந்தப் பட்டியலை டிஎஸ்டி (.dsd) என்ற கோப்பாகச் சேமித்தும் வைக்கலாம். அடுத்த வாரம் உரிமையாளர் ஒரு கதவை இடம் மாற்றச் சொன்னால் (சொல்லுவார்) படத்தைத் திருத்திவிட்டு அதே பட்டியலைத் திரும்பக் கூப்பிட்டால் போதும்.

ஆகவே இங்கே பாதி வேலைக்கு மேல் சேர்ப்பதும் சரிபார்ப்பதும்தான். அச்சிடுவது இயந்திரத்தின் பாடு. வழமையான அமைப்பில் பப்ளிஷ் பின்னணியில் ஓடும், நாங்கள் வேறு படம் கீறிக்கொண்டிருக்கலாம், முடிந்ததும் வலது கீழ் மூலையில் ஒரு குமிழ் எட்டிப் பார்க்கும். சொல்லும் இந்தச் சேர்க்கும் வேலையைத்தான் முன்னுக்கு நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி.

> தொகுதிச் செயலாக்கம் (batch processing) ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது தொகுதி அச்சிடல் என்பதே இயல்பான வடிவம்.

தமிழ்நாட்டில் சரி. இலங்கைப் பாடநூல்களில் தொகுதி என்றால் சிஸ்டம். நீங்கள் செரிமான மண்டலம் என்று படித்ததை நாங்கள் சமிபாட்டுத் தொகுதி என்று படித்தோம், நரம்புத் தொகுதியும் அப்படியே. எங்கள் ஊரில் ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் பொடியனிடம் தொகுதி அச்சிடல் என்று ஒரு பொத்தானைக் காட்டினால் கணினியே தன்பாட்டில் எதையோ அச்சடிக்கப் போகிறது என்றுதான் நினைப்பான். வேறு யாரிடமாவது காட்டினால் திருகோணமலை, மூதூர், சேருவில என்று தேர்தல் தொகுதிதான் ஞாபகம் வரும்.

கோவை அச்சு எனக்கு உண்மையில் பிடித்திருந்தது. இங்கே கந்தோர்களில் ஃபைலைக் கோவை என்றுதான் எழுதுவார்கள், கோத்துக் கட்டிய தாள்கள் என்ற பொருளும் பொருந்துகிறது. ஆனால் அதைப் பார்த்ததும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் "எங்கள் ஊர் அச்சகமா?" என்று கேட்டுவிட்டார், அதற்குப் பிறகு அந்தச் சொல் தலைநிமிரவில்லை. குவியல் என்றால் ஒழுங்கில்லாமல் கொட்டிக் கிடப்பது, வரைபடக் கட்டுக்கு அது ஆகாது. மொத்த அச்சைக் கேட்டால் கலியாண அழைப்பிதழுக்கு ஓடர் கொடுத்த மாதிரி, ஒரே தாளில் ஐந்நூறு பிரதி என்று பொருள் போகும். இது முக்கியமான இடம்: பிரதி எண்ணிக்கை வேறு, பல தாள்களை ஒரே தடவையில் அனுப்புவது வேறு. பப்ளிஷ் பெட்டியிலேயே பிரதிகளின் எண்ணிக்கைக்கும் தனியாக ஓர் இடம் இருக்கிறது, இரண்டும் குழம்பக் கூடாது.

> பிளொட் என்பது அச்சு அல்ல, வரைதல். தொகுதி வரைவு என்று வைக்கலாமே.

பேனா பூட்டிய பிளொட்டர்கள் இருந்த காலத்தில் இது சரியாக இருந்திருக்கும். இயந்திரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே கீறும், எந்த நிறத்துக்கு எந்தப் பேனா என்று நாங்கள் சொல்லிக் கொடுப்போம். நிறத்துக்கு நிறம் அச்சுப் பாணியைச் சொல்லும் சிடிபி (.ctb) கோப்பில் இன்றைக்கும் 255 நிறங்களுக்கும் தனித்தனிக் கோட்டுத் தடிப்பு கொடுக்க முடிவது அந்தக் காலத்தின் மிச்சம்தான். இப்போது பெரிய தாள் இயந்திரங்களும் மை தெளிப்பவை, பாதி நேரம் தாளே இல்லாமல் பிடிஎப் மட்டும்தான். தவிர, வரைவு என்றால் இன்று எல்லோருக்கும் முடிவாகாத நகல். ஒப்பமிட்ட இறுதிப் படங்களை அனுப்பும் பொத்தானுக்கு அந்தப் பெயரா?

சரி, என் முன்மொழிவு: திரட்டச்சு.

திரட்டு + அச்சு, தட்டச்சு போலவே புணர்கிறது. பொத்தானில் ஏவலாக வேண்டுமானால் "திரட்டி அச்சிடு". அந்தப் பட்டியலுக்குத் "தாள் திரட்டு". பாடல் திரட்டு, கட்டுரைத் திரட்டு என்று கேட்டுப் பழகிய காதுக்கு, பல இடத்திலிருந்து எடுத்து ஒழுங்காக அடுக்கியது என்ற பொருள் தானாக வந்துவிடும். கோப்புத் திரட்டு என்று வைக்க வேண்டாம் என்பேன், அங்கே ஒரு வரி என்பது ஒரு தாள், ஒரு கோப்பிலிருந்து ஏழு வரி வரலாம்.

இதிலும் இரண்டு இடைஞ்சல் தெரிகிறது. வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டிய திரட்டித் தளங்கள் இருந்த காலத்து ஆட்களுக்கு வேறு நினைவு வரலாம், அது பெரிய சிக்கல் இல்லை. மற்றது கொஞ்சம் வில்லங்கம்: அவசரத்தில் வாசித்தால் தட்டச்சின் எழுத்துப்பிழை போலத் தெரியும். அதனால் பட்டியிலும் (மெனு) பொத்தானிலும் "திரட்டி அச்சிடு" என்றே போட்டு, திரட்டச்சு என்ற பெயர்ச்சொல்லை உதவிப் பக்கங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நேற்று இதை அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தேன். மேசன் பாஸுக்கு (கொத்தனாருக்கு) கொடுக்க ஏ3 கட்டு ஒன்று தேவைப்பட்டது. ஏ1 தாளின் நீள அகலம் இரண்டும் ஏ3-இல் சரிபாதி, 1:100 படம் 1:200 ஆகிவிடும், எனவே பக்க அமைப்பை மட்டும் மாற்றி அதே பட்டியலை மறுபடி ஓட்டினால் போதும். பக்கத்து மேசைத் தங்கச்சியிடம் "அந்தத் தாள் திரட்டை ஏ3-க்கு ஓட்டிவிடு" என்றேன். ஒரு கேள்வியும் கேட்காமல் ஓட்டினாள். "பெயர்க்கட்டத்தில் அளவுத்திட்டத்தையும் மாத்த வேணுமே அண்ணா" என்று, தாளின் ஓரத்தில் படத்தின் விவரம் எழுதும் கட்டத்தைப் பற்றி மட்டும் சொன்னாள், அது வேறு கதை.

மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் "பேஜ் செட்டப்" பக்கம் போவோம். நான் மேலே பக்க அமைப்பு என்று எழுதிவிட்டேன், ஆனால் பட்டியல் முழுக்கத் தாள் என்று வைத்துவிட்டு இங்கே மட்டும் பக்கம் என்பது உதைக்கிறது. தாள் அமைப்பு என்று வைத்தால் அச்சுப்பொறி, அளவுத்திட்டம், கோட்டுத் தடிப்பு எல்லாம் அதற்குள் அடங்குமா என்று யாராவது சொல்லுங்கள்.